நாரணாபுரம் ரோட்டில் மோரிஸ் மைனர்

12 ஜூன் 2006, திங்கள்

இந்த டைரி எங்கள் அச்சகத்திலேயே அடித்தது. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள் என்று கழித்துப் போட்ட கட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் எழுதத் தோன்றியிருக்கிறது. வீரலட்சுமி டைரியைத் தலைகீழாகப் பிடித்து எழுதுகிறாள் என்று பார்ப்பவர்கள் நினைக்கட்டும். என் காரைப் பார்க்கிறவர்கள் ஏற்கெனவே என்னைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நேற்று சென்னையிலிருந்து பிரீத்தி ஃபோன் செய்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அம்மாவைக் கேள்வி கேட்கும் பதவி உயர்வு கிடைத்துவிட்டது மகளுக்கு. "ஏம்மா, ஏசி கிடையாது, மழை பெஞ்சா உள்ள ஒழுகுது, மலையேறச் சொன்னா மூச்சு வாங்குது. அந்த மோரிஸ் மைனர்ல உனக்கு அப்படி என்னதான் கிடைக்குது? ஒரே ஒரு காரணம் சொல்லு."

பத்து சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. "நீ வந்து ஓட்டிப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். தோற்றுப்போன மாதிரி இருந்தது. எனக்குத் தோற்கிற பழக்கம் கிடையாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

14 ஜூன், புதன்

காலை ஏழரை. விருதுநகர் வீட்டு ஷெட்டில் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடிக்கும். நிறைந்ததும் தானாக நின்றுவிடும். அதற்கு முன்னால் அவசரப்படுத்தக் கூடாது. பிறகு சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழைப் பிடித்து இழுத்தால் ஒரு இருமல், இன்னொரு இருமல், அப்புறம் ஓட்டம்.

அந்தப் பத்து விநாடி யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. அச்சகத்துக்குள் கால் வைத்துவிட்டால், "அக்கா, சிவப்பு மை ஏறிப்போச்சு", "அக்கா, லேபிள் லோடு இன்னைக்கு ஏத்தவா", "அக்கா, காலண்டர் ஆர்டர் பார்ட்டி வந்திருக்காக". பிரீத்திக்கு இதைச் சொல்லலாமா? சொன்னால், "அதுக்கு பாத்ரூம் போதுமேம்மா" என்பாள்.

கார் 1954ஆம் வருஷத்தது. கரும்பச்சை. முன்கண்ணாடி நடுவில் ஒரு கம்பியோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். திரும்பும்போது கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு விளக்கெரியும். வழியில் ஆமத்தூர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கையைப் பார்ப்பதற்கென்றே நிற்பார்கள். நேர் ரோட்டில் போகும்போதுகூட அவர்களுக்காக நீட்டிக் காட்டுவேன். பின்னால் வரும் பஸ் டிரைவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

18 ஜூன், ஞாயிறு

இவர் இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார். (கணவர் பெயரை எழுதக் கை கூசுகிறது. டைரிதானே — ராஜபாண்டியன்.) மல்லி, வத்தல் கமிஷன் மண்டிக்காரருக்கு வாயும் வத்தல்தான். வீட்டுக்கு வந்த சிநேகிதரிடம், "எம் பொண்டாட்டி எனக்குத் தெரிஞ்சே ஒரு மைனர வச்சிருக்கா" என்றார். அந்த மனுஷர் காபி குடிக்கவா வேண்டாமா என்று முழித்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில், வத்தல் மூட்டைகளுக்கு அடியில் இந்தக் காரைக் கண்டுபிடித்ததே இவர்தான். அதைச் சொல்ல மாட்டார்.

மெக்கானிக் அய்யாதுரை வந்து, எஞ்சினில் தீப்பொறி விடும் பாயின்ட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். போகும்போது வழக்கமான மந்திரம்: "அக்கா, வண்டி ஓடும்போது சாவிய அணைச்சு அணைச்சுப் போடாதீக. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போயித் தங்கிரும். திரும்பச் சாவி போட்டீகன்னா அங்கன வெடிக்கும்."

"தெரியும் அய்யாதுரை."

நிஜமாகவே தெரியும். காருக்குள் ஏதாவது சத்தம் வந்தால் அது எஞ்சினிலிருந்து வருகிறதா, பாடியிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க அதுதான் நல்ல வழி. கியரிலேயே உருளவிட்டுச் சாவியை அணைத்துக் காது கொடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது சின்னதாக ஒரு டப். அதற்குப் பயந்தால் கார் ஓட்ட முடியுமா?

25 ஜூன், ஞாயிறு

ஒரு வேலையும் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் வந்தேன். தனியாக. மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு, கைமுட்டியை வெளியே வைத்துக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் — என்ன சொல்ல, சந்தோஷமாக இருந்தது. வேறு வார்த்தை தேட வேண்டாம்.

வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். டீக்கடையில் ஒருவர் கிளாஸோடு ரோட்டுக்கே வந்துவிட்டார். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளைக்காக ஊர் திரும்பிப் பார்க்கிறது என்றால் அது காரால்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கே எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்?

3 ஜூலை, திங்கள்

காருக்குள் எங்கேயோ கிணி கிணி என்று ஒரு சத்தம். மூன்றாவது கியரில் மட்டும்.

5 ஜூலை, புதன்

கிணி கிணி இன்னும் இருக்கிறது. நாளை கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

6 ஜூலை, வியாழன்

இன்றைக்கு என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

காலையில் அச்சகத்துக்கு நாரணாபுரம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. கிணி கிணி மட்டும் விடாமல் கூடவே வந்தது. சாவியை அணைத்தேன். கார் கியரிலேயே உருண்டது. எஞ்சின் எரியும் சத்தம் நின்றும் கிணி கிணி நிற்கவில்லை. அப்படியானால் பாடிதான் என்று சந்தோஷப்பட்டுச் சாவியைப் போட்டேன்.

டமார்.

டப் இல்லை. டமார். என் காதே அடைத்துவிட்டது. 'அட கழுதை' என்று சிரித்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். சிரித்தேன்.

அச்சகத்தில் போய் இறங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். மெஷின்மேன் ஓடி வந்தான். "அக்கா, செல்வக்குமார் அண்ணன் கம்பெனியில வெடிச்சிருச்சாம், எல்லாரும் காட்டுக்குள்ள ஓடுறாக." செல்வக்குமார் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன். அவர்கள் லேபிள் எல்லாம் நாங்கள்தான் அடிக்கிறோம். நான் வாசலுக்கு ஓடினேன். புகை இல்லை. வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் புகை இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் கம்பெனி வேலி ஓரமாகத்தான் நான் சாவியைப் போட்டிருக்கிறேன்.

அங்கே எல்லாம் தனித்தனிச் சின்ன அறைகள். அறைக்கு நாலு பேர். எல்லாப் பக்கமும் கதவு. சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும், என்ன ஏது என்று நின்று பார்க்கக் கூடாது. இது இந்தப் பக்கம் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா?

பாலம்மாள் என்று ஒரு பெண். திரி செருகுகிறவள். ஓடும்போது வாய்க்காலைத் தாண்டிக் குதித்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான்.

7 ஜூலை, வெள்ளி

லாரி டயர் வெடித்த சத்தம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. டீ கொண்டுவந்தவன் சொன்னான். லேபிள் வாங்க வந்தவர் சொன்னார்.

"அப்படியா?" என்றேன். அப்படியா என்று கேட்ட வாய் இது.

8 ஜூலை, சனி

காரை அச்சகத்திலேயே மூடிப் போட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்துவிட்டேன். இவர் கேட்டார், சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"லாரி டயருன்னு ஊரே சொல்லியாச்சு. நீ எதுக்கு வலியப் போயி, இல்ல நாந்தான்னு சொல்லணும்? அந்தப் பொண்ணுக்கு வேற வழியில ஏதாச்சும் செஞ்சுருவோம்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் மேல் இல்லை. இவர் சொன்னது எனக்கு ஒரு நிமிஷம் இனித்துவிட்டது, அதனால்.

9 ஜூலை, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தில் யாரும் இல்லை. காரின் சீட்டு, மிதியடி, கதவுப் பை எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுத் தேடினேன். கிணி கிணி கிடைத்துவிட்டது. சாம்பல் கிண்ணத்துக்குள் ஒரு கொண்டை ஊசி. என்னுடையதுதான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு கொண்டை ஊசிச் சத்தத்துக்கு நாலு நாள் காது கொடுத்தவள், வேலிக்கு அந்தப் பக்கம் அறுபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நொடி நினைக்கவில்லை. போடி வீரலட்சுமி. பெரிய கார்க்காரி.

நாளைக்குப் போகிறேன்.

10 ஜூலை, திங்கள்

போய்விட்டு வந்தேன்.

முதலில் ஆமத்தூர், பாலம்மாள் வீடு. பஸ்ஸில்தான் போனேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். "வாங்க, பச்சக் காரு அம்மா தான?" என்றாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். லாரி டயர் இல்லை, என் கார், என் கை, நான்தான் சாவியைப் போட்டேன்.

அவள் பொறுக்குவதை நிறுத்தினாள். "லாரி டயருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தப்ப ஆரையும் வைய முடியாம வயிறு எரிஞ்சுச்சு. இப்ப ஆளு கெடச்சாச்சு" என்றாள். அப்புறம் வைதாள். நன்றாகவே வைதாள். எழுத முடியாத இரண்டு மூன்று வார்த்தையும் உண்டு. நான் நின்று கேட்டேன். முடிந்ததும், "காப்பி குடிச்சிட்டுப் போங்க, ஒத்தக் கையில போட்டா லேட்டாகும்" என்றாள். காப்பியை நான் போட்டேன்.

கை குணமாகும்வரை சம்பளம் என் பொறுப்பு என்றேன். "அத வாங்கிக்கிடுவேன். ஆனா அது வேற, இது வேற" என்றாள்.

அடுத்து செல்வக்குமார். அவர் வையவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வந்து சொன்னீகளே, அது பெரிசு மேடம். ஆனா அந்தக் காரு இனிமே இந்த ரோட்டுப் பக்கம் வரக் கூடாது. சத்தம் கேட்டா ஓடணும்னு இவுகளுக்குச் சொல்லிக் குடுத்தது நாந்தான். அன்னைக்கு ஓடுனது சரிதான். இன்னொரு தடவ பொய்ச் சத்தம் கேட்டு ஓடுனாகன்னா, மூணாவது தடவ நெசச் சத்தத்துக்கு, அது அந்தக் காரா இருக்கும்னு உக்காந்துருவாக. அப்ப நான் ஆரப் போயித் தேடுவேன்?"

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? வராது என்று வாக்குக் கொடுத்தேன். அய்யாதுரையை வரவழைத்தேன். கம்பெனி ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் விருதுநகர் ஷெட்டில் விட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

16 ஜூலை, ஞாயிறு

ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக். நின்றது. இறங்கி வந்துவிட்டேன்.

23 ஜூலை, ஞாயிறு

மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ஓட்டல் கட்டுகிறாராம். வாசலில் கண்ணாடி அறைக்குள் நிறுத்திவைக்கப் பழைய கார் வேண்டுமாம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஸ்டார்ட் செய்து காட்டவா என்று கேட்டேன். "அது எதுக்குங்க? நாங்க எஞ்சினையே எடுத்துருவோம். எண்ணெய் சிந்தாம இருக்கும்" என்றார்.

விற்கவில்லை. "பொம்மை வேணும்னா திருவிழாக் கடையில வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். இவர் பின்னால் நின்று இருமினார்.

யாரும் ஓட்டாத காருக்கு ஒரு பிழையும் வராது. உண்மைதான். ஆனால் அது கார் இல்லையே. இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. புதுக் காரில் ஏதாவது கோளாறு என்றால் டேஷ்போர்டில் விளக்கெரியும், கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான். இதில் என் காதும் மூக்கும் உள்ளங்காலும்தான் விளக்கு. நான் இல்லாமல் இந்தக் கார் ஓடாது. அதுதான் எனக்குப் பிடிக்கிறது. அதே காரணத்தால்தான், தப்பு நடந்தால் தப்பும் முழுக்க என்னுடையது. இரண்டும் ஒரே பொட்டலத்தில்தான் வருகிறது.

6 ஆகஸ்ட், ஞாயிறு

மழை. பஸ்ஸில் நனைந்து போய் வருகிறேன் தினமும். இவர் தன் மாருதியை எடுத்துப் போ என்கிறார். வேண்டாம், இது எனக்கு வேண்டியதுதான்.

17 ஆகஸ்ட், வியாழன்

பாலம்மாளுக்கு இன்றைக்குக் கட்டுப் பிரித்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். கை மெலிந்து, தோல் வெளுத்துப்போயிருந்தது. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், "நான் போகல" என்றாள்.

கை வலிக்கிறதா என்று கேட்டேன். "கையில என்ன இருக்கு? பத்து வருசமா உக்காந்த எடம்க்கா. ஒரு நா பயந்ததில்ல. இப்ப வீட்டுல சம்படம் விழுந்தாக்கூட எந்திரிச்சு நிக்கேன். வெடிமருந்துக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு இப்படித் துள்ளுனா, நானே நாலு பேர எரிச்சுருவேன்." முதல் தடவையாக என்னை அக்கா என்றாள். அதில் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் திடீரென்று கேட்டாள். "அந்தச் சத்தத்த இன்னொரு தடவ போட முடியுமா?"

"எதுக்கு?"

"நீங்க காருன்னு சொல்லுதீக. எங் காது இன்னும் நம்பல. அதுக்குத் தெரியணும்."

20 ஆகஸ்ட், ஞாயிறு

பெரிய நாள். முழுதாக எழுத வேண்டும்.

செல்வக்குமாரிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்று கேட்டேன். அரை மணி நேரம் யோசித்தார். பிறகு, எந்தக் கம்பெனிக்கும் கேட்காத இடமாக அவரே பார்த்துச் சொன்னார் — ஆமத்தூரைத் தாண்டி, தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கும் ஒரு கண்மாய். அவரும் கூட வந்தார். ஆடு மேய்க்கிறவர்களிடம் போய், "கொஞ்ச நேரத்துல சத்தம் கேக்கும், காருதான், பயப்படாதீக" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆறு வாரம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கண்மாய்க்குள் இறக்கினேன். பாலம்மாள் ஐம்பது அடி தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றாள். மூன்றாவது கியர். சாவியை அணைத்தேன், எண்ணினேன், போட்டேன்.

புஸ்.

இன்னொரு தடவை. அதே புஸ். வெடிக்காதே என்ற இடத்தில் ஊரைக் கூட்டிய கார், வெடி என்று கெஞ்சினால் புஸ்வாணம் விடுகிறது. செல்வக்குமார், "நம்ம சரக்கு இப்படி நமுத்துப் போச்சுன்னா பார்ட்டி லோடோட திருப்பி அனுப்பிருவான் மேடம்" என்றார். பாலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாலாவது தடவை இன்னும் கொஞ்சம் அதிகமாக எண்ணிவிட்டுப் போட்டேன்.

டமார்.

கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பியது. பாலம்மாள் ஓடினாள். நாலு எட்டு. பிறகு நின்றாள். திரும்பிக் காரைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "இன்னொண்ணு" என்றாள்.

அடுத்ததற்கு உடம்பு குலுங்கியது, கால் நகரவில்லை. அடுத்ததற்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் நேரே காரை நோக்கி நடந்து வந்து, பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சாவிய நான் போடுதேன்."

மைனரில் சாவித்துவாரம் நடுவில் இருக்கும். பக்கத்துச் சீட்டில் இருப்பவருக்கு வலது கைக்கு எட்டும். மூன்றாவது கியர் வந்ததும், முறிந்து கூடிய அந்தக் கையாலேயே அணைத்தாள். இருவரும் சேர்ந்து எண்ணினோம். திருப்ப மணிக்கட்டில் பலம் போதாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

டமார்.

"அம்புட்டுத்தானா!" என்றாள். கத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். "இதுக்கா ஓடுனேன்? அக்கா, இது காதோட போயிருது. நெசமானது மொதல்ல கால்ல வரும், அதுக்கப்புறந்தான் காதுல வரும்." நிஜமானதை அவள் எப்போது கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு சுற்று போகலாம் என்றாள். கண்மாயைச் சுற்றி வந்தோம். எஞ்சின் முன்னால் முனகுவது என்ன, இரண்டாவது கியரில் ஊளையிடுவது என்ன, குண்டு குழியில் பின்பக்கம் கிறீச்சிடுவது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்து வருஷத்தில் என் காரின் சத்தத்தைப் பற்றி என்னிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. திரும்பும் கையை நீட்டிக் காட்டினேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு வளையல் போட்டுவிடுங்க" என்றாள்.

இறங்கி செல்வக்குமாரிடம் போய் நின்றாள். "அண்ணே, இவுக காரு பழையபடி நம்ம ரோட்டுல வரட்டும். தெனமும் கேட்டுப் பழகுனாத்தான் எது காரு, எது கம்பெனின்னு எங் காது பிரிக்கும். கண்ணுல படாம வச்சிருந்தா எனக்கு எல்லாச் சத்தமும் அதுவாத்தான் தெரியும்."

செல்வக்குமார் என்னைப் பார்த்தார். "ஓடுற சத்தம் பழகலாம் மேடம். வெடிக்கிற சத்தம் பழகக் கூடாது. அது கேட்டுச்சுன்னா, காரா இருந்தாலும் ஆளுகள நான் ஓடத்தான் சொல்லுவேன். நீங்களும் காரோட அப்படியே ஊருக்குத் திரும்பிரணும்."

சரி என்றேன். இத்தனை சுருக்கமாக நான் யாருக்கும் பணிந்ததில்லை.

23 ஆகஸ்ட், புதன்

அய்யாதுரை சைலன்சரைக் கழற்றிச் சுத்தம் செய்து, இணைப்பில் இருந்த ஓட்டையை அடைத்து, பாயின்ட் புதிதாகப் போட்டார். பிறகு ஒரு தகரச் சம்பட மூடியை வெட்டி, கார் ஓடும்போது சாவி மேல் விழுந்து மூடிக்கொள்கிற மாதிரி சின்னதாக ஒரு தகடு வைத்துக் கொடுத்தார். கேட்டது நான்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வருஷத்துக் காரின் அழகையே கெடுக்கிறது. கழற்ற மாட்டேன்.

26 ஆகஸ்ட், சனி

பிரீத்தி ஃபோன். அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "இன்னுமாம்மா அத வச்சிருக்க?" என்றாள். ஆமாம் என்றேன். "ஏன்?" என்று இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டாள். சொல்கிறேன், இன்னும் இரண்டு நாள் பொறு என்றேன்.

28 ஆகஸ்ட், திங்கள்

டாக்டர் சொன்னதற்கு ஒரு வாரம் தள்ளி, பாலம்மாள் இன்றைக்குத்தான் வேலைக்குப் போகிறாள்.

ஏழரைக்குக் கிளம்பினேன். ஆமத்தூரில் பிள்ளைகள் ஏழு வாரப் பாக்கியையும் சேர்த்துக் கத்தினார்கள். இரண்டு பக்கத்துக் கையையும் மாறி மாறி நீட்டிக் காட்டினேன். டீக்கடைக்காரர் எழுந்து நின்று சலாம் வைத்தார். வழக்கமாக அங்கெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். இன்றைக்கு மனசு முழுக்க நாரணாபுரம் ரோட்டில் இருந்தது.

அந்த ரோட்டில் திரும்பினேன். வேலி ஆரம்பித்தது. கம்பெனி வேன் அப்போதுதான் வந்து கேட்டில் நின்றிருந்தது. பெண்கள் தூக்குவாளியோடு இறங்கி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாவது கியருக்கு மாற்றினேன். கார் அதன் ஊளையை ஆரம்பித்தது.

யாரும் ஓடவில்லை. யாரும் நிற்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து வருஷமாக ஒவ்வொருவரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இந்தக் காரை ஓட்டியவள் நான். இன்றைக்கு ஒருத்தரும் பார்க்காததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வரிசையில் கடைசியாகப் போனவள் மட்டும், தூக்குவாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்பாமலேயே, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். மற்றவர்களோடு பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

நான் ஹாரன் அடிக்கவில்லை. சாவியில் கை வைக்கவில்லை. எட்டே முக்காலுக்கு அச்சகத்தில் இறங்கி, பிரீத்தி கேட்ட அந்த ஒரு காரணத்தைச் சொல்ல, முதல் வேலையாகச் சென்னைக்கு ஃபோன் போட்டேன்.